முடிச்சு மேலே இருந்தால் வெந்தது

உனக்கு,

பச்சைத் துணி ஆவியில் வெந்து ஆறும்போது வரும் வாசனையை உனக்கு விளக்க வேண்டியதில்லை. மழைநாளில் அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்ட யூனிஃபார்ம் வாசனை, அதோடு கொஞ்சம் கிராம்பு எண்ணெய். இப்போது அந்த வாசனைக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மணி நாலு. வெளியே பீர்மேட்டு மழை. பல் கருவிகளை ஆவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவை அணைத்துவிட்டுப் பொட்டலங்கள் ஆறுவதற்காகக் காத்திருக்கிறேன். புது மிஷின், தானே மணியடிக்கிறது, தானே நிற்கிறது. நீ இருந்தால் இதற்கும் "குக்கர்" என்றுதான் பேர் வைத்திருப்பாய்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் உன் ஊட்டு வாசலில் நின்று அழுததோடு சரி, அதற்குப் பிறகு உன்னோடு பேசவே இல்லை. இன்றைக்குப் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நல்ல காரணம்தான், பயப்படாதே.

நீ முதன்முதலில் பாலக்காட்டுப் பக்கமிருந்து மாற்றலாகி இந்த மலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? இரண்டு ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், கையில் ஃபிளாஸ்க். "ஏம்புள்ள, இந்தக் குளுருல மனுசங்க எப்படி வாயத் தொறப்பாங்க?" என்று கேட்டாய். நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் 'ஊடு'க்கும் 'என்ற'வுக்கும் நான் சிரிப்பேன், என் 'ஏட்டி'க்கும் 'அம்புட்டு'க்கும் நீ சிரிப்பாய். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஒரு ஜீப், ஒரு இரும்புப் பெட்டி, சூசை அண்ணன் என்ற டிரைவர். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பது, சுத்தம் செய்வது, மருந்து பூசுவது, சரியில்லாததை டாக்டருக்கு எழுதி அனுப்புவது. லயத்து ஆட்களுக்கு நாம் 'பல்லு சிஸ்டர்'கள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிடிக்காதது மாதாமாதம் மீட்டிங் அறைச் சுவரில் ஒட்டும் பட்டியல். எந்த யூனிட் எத்தனை பேரைப் பார்த்தது, யார் முதல், யார் கடைசி. உனக்கு அந்தப் பட்டியல் என்றால் உயிர். "இன்னைக்கு எத்தன வாய் புள்ள?" என்பாய். ஆளையே மறந்துவிட்டு வாயை மட்டும் எண்ணுகிறாயே என்று நான் திட்டுவேன். நம் யூனிட் இரண்டாவது வந்துவிட்டால் அன்று முழுக்க உன்னோடு பேச முடியாது, உர்ரென்று இருப்பாய். எனக்கு வயிற்றெரிச்சல், உனக்குத் தலைவலி. மீட்டிங் வாரத்தில் நான் ஜெலுசில் குடிப்பேன், நீ நெற்றியில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வாய். அந்தத் தலைவலியை நீயும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதுதான் உன்னைக் கொண்டுபோனது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அந்தக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மற்றவர்களிடம் சொல்லும்போது இதில் ஒரு வாக்கியத்தை நான் இத்தனை நாளும் முழுங்கி வந்திருக்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒருமுறை டேப் தீர்ந்துவிட்டது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் கோடு போட்ட டேப், ஆவி சரியாகப் பட்டால் கோடு கறுத்துவிடும். எழுதிக் கேட்டோம், வரவில்லை. மறுபடி எழுதினோம். அப்போதும் வரவில்லை. டேப் இல்லையென்றால் வெந்த பொட்டலம் எது, வேகாதது எது என்று பார்வைக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பச்சைத் துணி, ஒரே முடிச்சு, உள்ளே நாலு பிள்ளைகளுக்கு ஆகிற, வாய்க்குள் விட்டுப் பல்லைப் பார்க்கும் கண்ணாடியும் கொக்கியும். அப்போது நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். வெந்ததை முடிச்சு மேலே தெரியும்படி வைப்பது. வேகாததை முடிச்சு கீழே போகும்படி கவிழ்த்து வைப்பது. "அவ்வளவுதா புள்ள, இதுக்கு எதுக்கு டேப்பு?" என்று கையைத் தட்டிக்கொண்டாய். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. நான் "வெந்துச்சா?" என்று கேட்பேன். நீ "வெந்துச்சு" என்று நிமிர்த்தி வைப்பாய்.

ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடக் கேம்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. பாதிப் பொட்டலம்தான் வெந்திருந்தது. கேம்ப்பைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மீட்டிங், நாம் நாற்பது வாய் பின்னால் இருந்தோம். அந்த மாதம்தான் நம் இரண்டு பேருடைய கான்ட்ராக்டும் புதுப்பிக்க வேண்டிய மாதம். "வெந்ததே போதும் புள்ள. வேகாததயும் பொட்டில போட்டுக்கலாம், சாயங்காலம் அந்த எஸ்டேட்டு டிஸ்பென்சரில வேக வெச்சுக்கலாம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அப்படித்தான் ஒரே பெட்டியில் முடிச்சு மேலே பாதி, முடிச்சு கீழே பாதியாக மலையேறினோம்.

டீ நேரம் வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. டீச்சர் பால் விடாத கட்டன் சாயாவும் பன்னும் கொடுத்தார். அதற்குப் பிறகு பதினொரு பிள்ளைகளைப் பார்த்தோம். கடைசிப் பிள்ளை இறங்கி ஓடியதும், டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டிய வேகாத பொட்டலங்களை எடுக்கலாம் என்று நான் பெட்டிக்குள் பார்த்தேன். முடிச்சு கீழே உள்ள பொட்டலம் ஒன்றுகூட இல்லை. மீதமிருந்த அத்தனையும் முடிச்சு மேலே.

நான் உன்னைப் பார்த்தேன். நீ பெட்டியைப் பார்த்தாய். ஜீப் பக்கத்திலிருந்து சூசை அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "நீங்க டீ குடிக்கப் போனப்பம் பொட்டிக்குள்ள மழத் தண்ணி எறங்கிருச்சு சிஸ்டர். எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சு வச்சேன். பாதி கவுந்து கெடந்துச்சு, எல்லாத்தையும் அழகா நிமித்தி அடுக்கிட்டேன்."

அந்த மனுஷனின் குணமே அதுதானே. ஜீப்பில் செருப்பு கோணலாகக் கிடந்தால்கூட நேராக்கி வைப்பார். அவரிடம் முடிச்சு விஷயத்தை நாம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

டீக்குப் பிறகு மூன்று பொட்டலம் பிரித்திருந்தோம். அவை வெந்தவையா, வேகாதவையா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

பள்ளிக்கூடக் குழாயடியில் இரண்டு பேரும் கை கழுவினோம். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினோம். அப்போது நான் சொன்னேன். இதுதான் நான் முழுங்கிய வாக்கியம். "சோப்புப் போட்டுக் கழுவுனதுதானட்டி. மருந்துத் தண்ணில வேற ஊறிருக்கு. யாருக்குத் தெரியப் போகுது? விட்டுரு."

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அம்மா வேலை பார்த்த எஸ்டேட் மூடிக் கிடந்தது, அப்பா படுக்கையில். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்திக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்தக் கேள்வி அன்று என் வாயில் வரவில்லை, என் வேலை போய்விடுமோ என்பதுதான் வந்தது. நீ குழாயை மூடினாய். திட்டவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறி நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாய். அன்று நீ "எத்தன வாய்?" என்று கேட்காமலே இறங்கிப் போனாய்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் லயத்து வாசலில் குடையோடு நின்றாய். இரண்டு ஸ்வெட்டரும் நனைந்திருந்தன. அம்மா உன்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து, இட்லிப் பானையைத் திறந்தார். ஆவி அடித்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு இட்லியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிசம்" என்று மூடினார். நீ என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாய்.

"உங்கம்மா இட்லிக்கே தொட்டுப் பாத்துட்டுத்தா எடுக்கறாங்க புள்ள," என்றாய். "நாம பச்சக் கொழந்தைங்க வாயில வெச்சிருக்கறோம். தொட்டுக்கூடப் பாக்கல. எனக்கு முடியல. நா டாக்டர்கிட்டச் சொல்லப் போறேன். நீ வந்தாலுஞ் செரி, வராட்டியுஞ் செரி."

நான் வந்தேன். பயந்துகொண்டே, உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். இட்லி சாப்பிடாமல் போகிறோம் என்று அம்மா வாசல் வரை வந்து சத்தம் போட்டார்.

டாக்டர் மேடம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது பிள்ளைகளின் பேர்களை. நீ நோட்டிலிருந்து பதினொன்றையும் வாசித்தாய். ஆபத்து குறைவுதான், ஆனாலும் ஏதாவது நோய் தொற்றியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், சில மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை பார்த்தால்தான் நிச்சயம் என்றார். பிறகு, "அம்மாக்கள்கிட்ட வேற யாரோ போய்ச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லணும்" என்றார். அதுதான் எனக்கு ஊசியைவிட வலித்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் மதியம் அந்த அம்மாக்கள் எல்லோரும் முதுகுச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். நான் உனக்குப் பின்னால் நின்றேன். நீ மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "ஏனுங்க, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. நேத்து டீக்கு அப்புறம் உங்க கொழந்தைகளுக்கு வெச்ச சாமான் சரியா வேகாம இருந்திருக்கலாமுங்க. எங்க தப்புத்தானுங்க."

முன்னால் நின்ற ஒருத்தி கொழுந்துச் சாக்கை நம் காலடியில் போட்டாள். "எங்க பிள்ளைங்கன்னா அம்புட்டு எளக்காரமா? டவுன் பிள்ளைங்க வாயில இப்படி வப்பீங்களா?" என்று கத்தினாள். அந்தப் பதினொரு பேரில் அவள் மகளின் பேர் ஏழாவது. இன்னொருத்தி அழுதாள். ஒரு வயதான பெண் மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "நீங்க சொல்லாம இருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"பின்ன எதுக்குச் சொல்லுதீக?"

நீ யோசித்தாய். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். "சொல்லாட்டி இனிமே இந்தப் பக்கம் வர எனக்குக் கால் வராதுங்க" என்றாய். அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க அழுகை. சூசை அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துச் சமாதானம் பண்ணினார். அவருக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது, முகம் கறுத்துப் போயிருந்தது. ஆபீஸிலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பொட்டலங்களை மாற்றி வைத்தது யார் என்று ஒரு கேள்வி. அவர் பேரை எழுதிவிட்டால் நம் பாரம் பாதி குறையும் என்று நான் கணக்குப் போட்டேன். பார், அப்போதும் நான் திருந்தவில்லை. நீ பேனாவை என் கையிலிருந்து வாங்கினாய். "அவரு நல்லதுக்குத்தா செஞ்சாரு. நாமதா அவருகிட்டச் சொல்லி வெக்கல" என்று சொல்லி, நாங்கள் இருவர் என்று மட்டும் எழுதினாய். கீழே நீ கையெழுத்துப் போட்டாய், நானும் போட்டேன்.

முதல் ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவதுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதங்களை எப்படிக் கடத்தினோம் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு வாரம் கேம்ப் இல்லை. பட்டியலில் நாம் கடைசி. கான்ட்ராக்ட் நிறுத்தி வைக்கப்பட்டது. யாராவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் உனக்கு முகம் வெளுத்துவிடும். அந்த ஏழாவது பேர்ப் பிள்ளைக்கு ஒருமுறை வயிற்றுவலி வந்து, நாம் இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் பச்சைக் கொய்யா தின்றிருக்கிறாள். நீ அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய், அவள் அம்மா நம்மை விநோதமாகப் பார்த்தாள்.

இரண்டாவது ரிப்போர்ட்டை வாங்கப் போனவள் நீ. குட்டிக்கானம் பஸ் ஸ்டாப்பில் நான் காத்திருந்தேன். மூடுபனியில் எதிரே நிற்கும் பஸ்கூடத் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து நீ வந்தாய், கவரை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு. ஒட்டிய கவர் அப்படியே இருந்தது.

"பிரிக்கலியாட்டி?"

"தனியா பிரிக்கப் பயமா இருந்துச்சு புள்ள. நீயே பிரி."

பிரித்தேன். முதல் பேரை வாசித்தேன், எதிரே ஒன்றுமில்லை என்று போட்டிருந்தது. இரண்டாவது பேரை நீ வாசித்தாய். அப்படியே மாற்றி மாற்றி வாசித்தோம், கோவிலில் பைபிள் வாசிப்பது மாதிரி. ஏழாவதை நான் வாசித்தேன். பதினொன்றாவதை நீ வாசித்தாய். பதினொரு பேருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. நீ பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாய், சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மலையாளச் சேட்டன் பாட்டில் தண்ணீரை நீட்டினார். நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், நீ மாகாளியம்மனுக்கு விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாய். பிறகு எதிர்க் கடையில் ஆளுக்கு மூன்று பொறோட்டா. என் வயிற்றெரிச்சல் அன்று எங்கே போனது என்றே தெரியவில்லை.

அங்கிருந்து நேராக எஸ்டேட்டுக்குப் போனோம். சாக்கை எறிந்தவள் காகிதத்தை வாங்கி, தனக்கு வாசிக்க வராத இங்கிலீஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டு, "வாயத் தொற, சிஸ்டர் பாக்கட்டும்" என்றாள். கையில் கருவி எதுவும் இல்லாமல், மழை வெளிச்சத்தில், நீ குனிந்து அந்தப் பிள்ளையின் வாயைப் பார்த்தாய். கடைவாய்ப் பல் முளைத்திருந்தது.

கான்ட்ராக்ட் தாமதமாக என்றாலும் வந்துவிட்டது. டேப்பும் வந்தது, ஒரு பெட்டி நிறைய. அடுத்த மீட்டிங்கில் நம் யூனிட் கடைசியில்தான் இருந்தது. நீ பட்டியல் முன்னால் போய் நின்று, நம் பேரை விரலால் தேடி, "இதா கெடக்குது" என்று சிரித்தாய். அப்புறமும் நீ வாயை எண்ணுவதை விடவில்லை. குணம் ஒரு நாளில் போய்விடுமா என்ன? ஆனால் ஒருமுறை டேப் கறுக்காத பொட்டலத்தைப் பார்த்ததும் பாதிக் கேம்ப்பில் பெட்டியை மூடிவிட்டாய். அன்று உனக்குத் தலைவலி வரவில்லை.

இனி இன்றைக்கு நடந்தது. புதிதாகச் சேர்ந்த டென்டல் நர்ஸ்கள் ஆறு பேருக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். இந்தக் கதையை நான் முன்பும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் குழாயடியைத் தாண்டிக் குதித்துவிடுவேன். "தப்பு நடந்தது தெரிந்ததும் நாங்கள் டாக்டரிடம் போனோம்" என்பேன். எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். எனக்கு உள்ளே கூசும். நீ உயிரோடு இருந்தவரை ஒருநாள்கூட, கோபத்தில்கூட, விளையாட்டுக்குக்கூட, "நீ விட்டுருன்னு சொன்னவதானே" என்று என்னிடம் கேட்டதில்லை. நீ கேட்டிருந்தால் நான் எப்போதோ அழுது தீர்த்திருப்பேன். நீ கேட்காததால் அது உள்ளேயே கிடந்தது.

இன்று முன் பெஞ்சிலிருந்த ஒருத்தி, வண்டிப்பெரியார்க்காரி, கேட்டாள்: "வேல போயிரும்னு தெரிஞ்சும் எப்படி சிஸ்டர் சொல்லணும்னு தோணுச்சு?"

"எனக்குத் தோணல," என்றேன். "மறச்சிரலாம்னு சொன்னவ நான். சொல்லணும்னு வந்தவ என் கூட்டாளி. மழைல நடந்து வந்தா."

இனி இவர்கள் என்னை மதிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் தலையைக் குனிந்து தன் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் டீக்குப் போன பிறகு தனியாக வந்தாள். "போன செவ்வாக்கெழம ஒரு காரியம் ஆயிப்போச்சு சிஸ்டர். யார்ட்டயும் சொல்லல," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். என்னவென்று உனக்கும் எழுத மாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் மேடத்திடம் நடந்தேன். இந்த முறை நான் யாரையும் திட்டவில்லை.

திரும்பி வரும்போது என் உடம்பே லேசாக இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். பத்து வருடமாகத் தோளில் இருந்த பெட்டியை இறக்கி வைத்த மாதிரி. உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ அன்று ஆறரை மணிக்கு வந்ததற்கும், அதற்குப் பிறகு அந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிட்ட மாதிரி இருந்ததற்கும். மறந்திருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

பொட்டலங்கள் ஆறிவிட்டன. டேப்பில் கோடு நன்றாகக் கறுத்திருக்கிறது. ஆனாலும் கை தானாக ஒவ்வொன்றையும் முடிச்சு மேலே வரும்படி வைக்கிறது, அந்தப் பழக்கம் என்னை விடாது போலிருக்கிறது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. சூசை அண்ணன்தான், அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாளிலிருந்து இன்று வரை, பெட்டியைத் தொடுவதற்கு முன் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"வெந்துச்சா சிஸ்டர்?"

"வெந்துச்சு அண்ணே. நீங்களும் ஒருக்கா பாத்துட்டு எடுங்க."